தொழுநோய்: தேமலுக்கு அடியில் நிகழும் நரம்பு அழற்சி

தொழுநோய் தோலில் தேமலாகத் தென்பட்டாலும், அடிப்படையில் அது நரம்புகளைத் தாக்கும் நாள்பட்ட அழற்சி நோயாகும். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டு கண்டறிந்த இந்தப் பாக்டீரியா, நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள ஸ்வான் செல்களில் தங்குகிறது. அதற்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையே நரம்பைப் பெரிதும் வீங்கச் செய்து சிதைக்கிறது.

மும்பை மாநகராட்சி ஆணையர் அக்வொர்த்தின் முயற்சியால் 1890-ஆம் ஆண்டு மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான காப்பகம் அமைந்தது. அதுவே இன்று வடாலாவில் உள்ள அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை. பயனுள்ள மருந்து இல்லாத அக்காலத்தில் ஒதுக்கி வைப்பதே வழியாக இருந்தது. மருத்துவர் ஆர். கணபதி 1976-ஆம் ஆண்டு தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டமோ, தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளில் நோயாளிகளைத் தேடிச் சென்றது.

இந்நோயைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. உணர்விழந்த, நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமலே முதன்மை அறிகுறி. முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் செல்லும் நரம்புகள் தடித்துள்ளனவா என மருத்துவர் விரலால் தடவிப் பார்ப்பார். கண்களை மூடச் செய்து, பேனா முனையால் உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுச் சோதிப்பார். தேவைப்பட்டால் தோல் கீறல் மாதிரியில் கிருமி தேடப்படும். காலிலிருந்து செருப்பு நழுவுவதை உணராமல் நடப்பது, அடுப்பில் சுட்டும் வலி தெரியாதது போன்றவற்றை வீட்டார்தான் முதலில் கவனிக்கின்றனர்.

ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்து, நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பரவும் தன்மை நீங்கிவிடும்.

எனினும் கூட்டு மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, அழற்சியை உடனே அடக்காது. சிகிச்சையின்போதும், அது முடிந்து சில ஆண்டுகள் கழித்தும்கூட நரம்பு திடீரென வீங்கக்கூடும். சிலருக்கு வலியே இல்லாமல் விரல்களின் வலு குறையும். அப்போது பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மருந்து, மருத்துவக் கண்காணிப்பில் பல வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துத் தரப்படும். பாதிப்பு நேர்ந்து 6 மாதங்களுக்குள் இதனைத் தொடங்கினால் உணர்வும் வலுவும் திரும்ப வாய்ப்பு அதிகம். அதன்பின் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

தேசிய அளவில் தொழுநோய், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக 2005-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா அறிவித்தது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவானோரே சிகிச்சையில் உள்ளனர் என்பதே அதன் பொருள். புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகின்றனர்.