நேர்கோட்டுச் சமன்பாடும் பேர்மாவும்

'வை = எம்.எக்ஸ் + சி' எனும் நேர்கோட்டுச் சமன்பாட்டில் 'எம்' கோட்டின் படித்திறனையும் 'சி' அதன் வெட்டுத்துண்டையும் குறிக்கும். இவ்வாறு கோட்டைச் சமன்பாடாக்கிய பெருமை முழுவதையும் பிரெஞ்சு மெய்யியலாளர் இரெனே தேக்காட்டுக்கே அளித்தல் வழக்கம். அது முற்றும் பொருந்துவதன்று.

தேக்காட்டு 1637இல் லெய்டன் நகரில் வெளியிட்ட கேத்திரகணித நூல் வளைகோடுகளிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்திற்று. துலூஸ் நகர நீதிமன்ற ஆலோசகராயிருந்த பியேர் த பேர்மாவோ, ஏறத்தாழ அதே காலத்தில் எழுதிய சிறு கையெழுத்துப்படியில் நேர்கோட்டிலிருந்தே தொடங்கினார். தெரியாக் கணியங்களை உயிரெழுத்துக்களாலும் தெரிந்தவற்றை மெய்யெழுத்துக்களாலும் குறித்தல் வியேற்றாவின் முறை. அதனைத் தழுவி 'டி × ஏ = பி × ஈ' எனும் கருத்துப்பட அவர் எழுதினார். ஏ கிடைத்தூரம், ஈ நிலைத்தூரம் எனக் கொள்ளின், டியைப் பியால் வகுக்க வருவது இன்றைய படித்திறனே. கோடு உற்பத்தியினூடாகச் செல்வதால் வெட்டுத்துண்டு பூச்சியமாகும். மறைத் தூரங்களுக்கு அவர் வரைபில் இடமில்லை.

அப்படி பாரிஸ் அறிஞரிடையே உலவியதேயன்றி அச்சேறவில்லை. 1679இல் அது நூலுருப் பெற்றபோது பேர்மா மறைந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. தேக்காட்டின் குறியீடுகளோ வேரூன்றிவிட்டன. எக்ஸும் வையும் அவர் வழிவந்தவை. 'எம்' அவர் தந்ததன்று. 'ஏறு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தே அது எனும் கதைக்கும் சான்றில்லை.