அமெரிக்க எஃகு, அலுமினிய இறக்குமதி வரி (2018)

1962ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவின்கீழ், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் டொனால்ட் டிரம்ப் 2018 மார்ச்சில் விதித்த வரி. எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 விழுக்காடு. சில மாதங்களில் நேச நாடான கனடாவும் இதில் சிக்கியதால், சொன்ன காரணம் எடுபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி, மோட்டார் சைக்கிள்களுக்கும், இந்தியா 2019 ஜூனில் பாதாம், ஆப்பிள் உள்ளிட்ட 28 பொருள்களுக்கும் பதில் வரி விதித்தன. உள்நாட்டு எஃகாலைகள் ஆதாயம் கண்டன; எஃகை வாங்கிப் பொருள் செய்யும் தொழில்கள் (வேலையாட்கள் மிகுதி இவற்றில்தான்) கூடுதல் விலை கொடுத்தன.

இவ்வரி விதிமீறல் என உலக வணிக அமைப்பின் தீர்ப்புக் குழு 2022 டிசம்பரில் கூறியது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. விசாரிக்க வேண்டிய அமைப்போ, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்காவே தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடந்தது. 2025 ஜூனில் பெரும்பாலான நாடுகளுக்கு இவ்வரி 50 விழுக்காடாக உயர்ந்தது.