கண்மாய்க்கரையும் இட்டேரியும்

கிராவல் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீடு கட்டிய எவரும் முன்வாசலில் ஒரு லோடு கிராவல் அடித்திருப்பார்கள். ஆனால் ‘கிராவல் சைக்கிள்’ என்று சொன்னால் மட்டும் ஏதோ வெளிநாட்டுச் சங்கதி போலப் பார்க்கிறார்கள். பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, 40 மி.மீ. அகல டயர், டிஸ்க் பிரேக், செம்மண்ணுக்கும் சரளைக்கும் ஈடுகொடுக்கும் உடம்பு. தார்ச்சாலையில் 28 மி.மீ. டயரில் 80 பிஎஸ்ஐ அடித்துப் போகிறவர், இதில் 35-க்கு இறக்கிவிட்டு மண்பாதையில் இறங்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் இரண்டு வட்டங்கள் போட்டேன். ஒன்று மதுரைக்கு வடகிழக்கே: ஒத்தக்கடை, நரசிங்கம், அரிட்டாபட்டி, கள்ளந்திரி, அழகர்கோவில் வழியாகத் திரும்புவது. மற்றொன்று கோவைக்கு மேற்கே: பேரூர், தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆலாந்துறை சுற்றி வருவது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்கும் கணக்கு. கஷ்டமான சவாரி எது என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் கோவை என்றிருப்பேன். அந்த ஊரே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே மலை. மதுரையோ தட்டையான ஊர். யானைமலையும் அழகர்மலையும் பாதைக்குக் குறுக்கே வராமல் ஓரமாக நிற்கின்றன.

கணக்கு தப்பாகப் போனதற்குக் காரணம் உயரம் அல்ல, பாதை. எந்த மண்பாதையும் சைக்கிளுக்காகப் போட்டதில்லை. எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் வரைபடத்தில் கோடு இழுப்பவன் நடுவழியில் சைக்கிளைத் தோளில் சுமப்பான். நான் சுமந்தேன்.

மதுரைப் பக்கத்து மண்பாதை பெரும்பாலும் கண்மாய்க்கரை. தண்ணீரைத் தேக்குவதற்காகப் போட்டது. ஆள் போகும் வழி என்பது அதன் உபதொழில். அதனால் பிறைபோல வளைந்து வளைந்து போகும், கிராமத்தை நோக்கி நேராகப் போகாது. கரையில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் நீர் அல்லது வெடித்த வண்டல், மறுபக்கம் தாழ்வில் வயல், நடுவே இரண்டு ஆள் அகலத்துக்குச் செம்மண். எல்லாமே தெரியும், நம்மையும் எல்லோருக்கும் தெரியும், நிழல்தான் இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பனைமரத்தின் நிழல் ஒரு சக்கரத்துக்குக்கூடக் காணாது. கடைசியில் கரை கலுங்கில் போய் முட்டும். உபரி நீர் வழிவதற்காகக் கல்லால் கட்டிய இடம் அது. கோடையில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தப்பக்கம் ஏறலாம். மறுகால் பாயும்போது அங்கே பாதையே கிடையாது.

கோவையில் இதற்கு நேர்மாறு. அங்கே இட்டேரி. கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தோட்டங்களின் உயிர்வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம் அது. மாட்டுவண்டியும் ஆடுமாடும் போய்வந்து, மழைநீர் அரித்து, நிலமட்டத்துக்குக் கீழே பள்ளமாகிக் கிடக்கும். இரு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடியும் பின்னிக்கொண்டு நிற்கும். நிழலும் குளுமையும் உண்டு, கௌதாரிச் சத்தம் கேட்கும், ஆனால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கலுங்கு போல முட்டி நிற்காமல் பிரிந்துகொண்டே போகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், ஒன்று யாரோ ஒருவரின் மோட்டார் ரூம் வாசலில் போய் நிற்கும். இப்போது பல இட்டேரிகளில் ஜல்லி கொட்டித் தார் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பவற்றையும் மனையாகாமல் தப்பியவை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதனால் திட்டமிடும் முறையே மாறிப்போகிறது. செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்க்கரை பளிச்சென்று தெரியும். வீட்டில் உட்கார்ந்தபடி ஒன்றோடொன்று கோத்துவிடலாம், கோத்து முடித்ததும் பெருமையாகவும் இருக்கும். நேரில் போனால் ஒரு கலுங்கு உடைந்திருக்கும், ஒரு மடைக்குப் பக்கத்தில் கரை சரிந்திருக்கும். இட்டேரியோ மரக்கூரைக்குள் ஒளிந்துகொள்ளும், படத்தில் பாதி தெரியாது. ஆனால் களத்தில் கேட்க ஆள் இருக்கும். மதுரைக் கரையில் காலை பத்து மணிக்குமேல் ஆடு மேய்ப்பவரைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். கோவை இட்டேரியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தோட்டம், தோட்டத்துக்கு ஒரு நாய், நாய் குரைத்ததும் ஒரு ஆள்.

மதுரைப் பக்கம் சீமைக்கருவேலத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மரம் ஓரமாக நின்றால் ஒன்றும் செய்யாது. வெட்டி இழுத்துச் சென்ற பிறகுதான் வினை. கரிமூட்டத்துக்காகக் கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கரைமீது இழுத்துப் போவார்கள். செம்மண்ணில் துடைப்பத்தால் கூட்டியது போலக் கீற்றுக்கீற்றாகத் தடம் விழும். அதைப் பார்த்து ‘ஆகா, பாதை சுத்தமாக இருக்கிறதே’ என்று நினைத்து வேகமெடுத்தேன். அரை பர்லாங்குக்குள் இரண்டு சக்கரமும் உட்கார்ந்துவிட்டன. முன் டயரில் நான்கு முள், பின் டயரில் எண்ண முடியவில்லை. ஒவ்வொன்றும் விரற்கணு நீளம், மண்ணின் நிறத்திலேயே காய்ந்து கிடந்தது. பையில் இருந்தது ஒரே ஒரு ட்யூப். அன்று எட்டு கிலோமீட்டர் நடந்தேன். இப்போது ட்யூப் இல்லாத டயர், உள்ளே சீலன்ட் பால், பையில் ஒரு சிறிய இடுக்கி. முள் குத்தினால் உடனே பிடுங்குவதில்லை. குத்திய முள்ளே அடைப்பாக இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். கூட்டிய தடம் கண்ணில் பட்டால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு ஏமாற்று, பழைய கிரானைட் குவாரிச் சாலைகள். மேலூர் வட்டாரத்தில் அகலமாக, இறுகலாக, நேராகப் போகும். படத்தில் பார்த்தால் கிராவல் சைக்கிளுக்கென்றே போட்டது போல இருக்கும். முடிவில் தடுப்புச்சுவர்கூட இல்லாமல் ஆழ்குழியும் பச்சைத் தண்ணீரும். நான் இவற்றை என் வட்டத்திலிருந்து முழுதாக எடுத்துவிட்டேன். பதிலுக்கு நம்பகமானது பெரியாறு பிரதானக் கால்வாயின் கரை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பக்கம் வரும் வழி அது. அதிகாரிகளின் ஜீப் போவதற்காகப் போட்ட தடம், தூக்கி இறக்கும் வேலை இல்லாமல் நீண்ட தூரம் போகும். இந்த வட்டத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அரிட்டாபட்டியில் மட்டும் நேரத்தை மறந்துவிடலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குடைவரைக் கோயில், சமணப் படுகை, தமிழ்பிராமிக் கல்வெட்டு, பாறை உச்சியில் வல்லூறு. அதே பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை ஊர்மக்கள் போராடி 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். பாறைமீது சைக்கிள் ஏற்றாதீர்கள். ஏற்றிப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் திட்டியதையும் கேட்டிருக்கிறேன், நியாயமான திட்டு.

மதுரையில் யானை மலையாகப் படுத்திருக்கிறது. கோவையில் வாழைத்தோப்புக்குள் நிற்கிறது. கோவைத் திட்டத்தின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மதுரையில் வெயிலுக்கு முந்துவதற்காக ஐந்து மணிக்கே கிளம்பலாம். கோவையில் அதே புத்திசாலித்தனத்தோடு இருட்டில் மலையடிவாரத்துக்குப் போனால், இரவெல்லாம் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும் கூட்டத்துக்கு எதிரே போய் நிற்போம். ஆகவே வட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம் பேரூர் சுற்றுப்புறக் குளக்கரைகளிலும், சித்திரைச்சாவடி வாய்க்கால் ஓரத்திலும். நன்றாக விடிந்த பிறகு நரசீபுரம் பக்கம். மாலைச் சவாரி வேண்டவே வேண்டாம். ஒரு முறை நரசீபுரத்துக்கு முன்னால் இட்டேரி பிரியும் இடத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். “நேரா போவாதீங்க தம்பி. வெடியால எறங்குனது இன்னும் மேல ஏறலைங்க” என்றார். எது இறங்கியது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

யானை அகழியும் சோலார் வேலியும் தெரிந்தால் அதுதான் எல்லை. அதற்கு அப்பால் பாதை எவ்வளவு அழகாகப் போனாலும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ‘யாரும் பார்க்கவில்லை’ என்று உள்ளே போய்வந்ததைச் சாகசமாகச் சொல்லும் சைக்கிள்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். உடம்பில் தெம்பு இருக்கும் காலையிலேயே மேற்கே போய்விட்டால், திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். கோவை வட்டம் இயல்பாகவே அப்படித்தான் அமைகிறது. மதுரையில் இந்தச் சலுகை கிடையாது. வெயிலுக்குத் திசை ஏது?

ஆக, கோவையில் ஏற்றம் அதிகம்தான். ஆனால் நீளமாக, சீராக வரும் ஏற்றம். சின்ன கியரில் போட்டுவிட்டு ஒரே தாளத்தில் மிதிக்கலாம், உடம்பு பழகிக்கொள்ளும். மதுரைத் தட்டை நிலம் அந்தத் தாளத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மிதி, இறங்கு, தூக்கு, முள்ளைப் பார், ஏறு, மறுபடி மிதி. மீட்டர் காட்டும் ஏற்றக் கணக்கில் இதெல்லாம் சேராது. கோவை முடித்த அன்று மாலை நான் கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். மதுரை முடித்த அன்று சாப்பிடாமல் தூங்கினேன்.

மாதமும் வேறுதான். மேலூர்ப் பக்கம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கரையில் கால்வைக்க முடியாது. கரம்பை மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுழலாது. தை பிறந்து கரை இறுகி, வெயில் முற்றுவதற்குள் முடித்துவிட வேண்டும். கோவையில் அடைமழையை விட்டால் எந்த மாதமும் ஆகும், சிவராத்திரி வாரம் தவிர. அப்போது வெள்ளியங்கிரிக்குப் போகும் கூட்டத்தில் சிறுவாணிச் சாலை நகராது.

சென்ற தைப்பொங்கல் முடிந்த கையோடு, கள்ளந்திரிப் பக்கத்து டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். வரைபடத்தைவிட அவரை நான் நம்புகிறேன். கண்மாய் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “இன்னும் மறுகால் போய்க்கிட்டுதாண்ணே இருக்கு, முழங்காலளவு. நீங்க வாங்க, சைக்கிள ஆளுக்கு ஒரு பக்கமா தூக்கிக்கிருவோம்” என்றார்.