மொன்றியல் 1885: அம்மைப்பாலும் மக்களின் நம்பிக்கையும்



தடுப்பூசியைக் குறித்த ஐயம் கொரோனாக் காலத்தில் பிறந்ததன்று. நம்மவர் பலர் இன்று வாழும் மொன்றியல் மாநகரம், 1885ஆம் ஆண்டில் அந்த ஐயத்திற்குப் பெரும் விலை கொடுத்தது.

அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், சிக்காகோவிலிருந்து வந்த தொடருந்துப் பணியாளர் ஒருவர் வழியாகப் பெரியம்மை நகருக்குள் நுழைந்தது. ஓத்தல் தியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் பிழைத்துக்கொண்டார். அங்கு பணிபுரிந்த பெண்ணொருவர் ஏப்ரலில் இறந்தார். நோய்க்குறி இல்லாதோர் எனக் கருதி வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளரோடு பெரியம்மையும் தெருக்களை அடைந்தது.

நகராட்சி அம்மைப்பால் குத்தத் தொடங்கியது. ஆனால் அம்மருந்தில் ஒரு பகுதி மாசுபட்டிருந்தது. குத்திக்கொண்ட சிலருக்குக் கை வீங்கிச் சீழ் வைத்தது. பணி இடைநிறுத்தப்பட்டது. மக்களின் அச்சம் முழுவதும் அறியாமையன்று. அதற்குக் கண்கண்ட காரணம் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அந்த அச்சத்தை வளர்த்தவர்களும் இருந்தார்கள். தடுப்பூசியை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்ட மருத்துவர் அலெக்சாண்டர் ரோஸ், தொடருந்துப் பரிசோதனையில் தாமே அம்மை குத்திக்கொண்டவர் என்று கண்டறியப்பட்டார். போதாக்குறைக்கு, லூயி ரியேலுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனையால் பிரெஞ்சு மொழியினர் கொதித்துப்போயிருந்தனர். நோயுற்ற பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துச் செல்வார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. செப்டெம்பர் 28ஆம் நாள், தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டபோது கலகம் வெடித்தது. சுகாதார அலுவலகமும் மருத்துவர்களின் வீடுகளும் தாக்கப்பட்டன, படையினர் அழைக்கப்பட்டனர்.

நோய் ஓய்ந்தபோது நகரில் 3,164 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கர். அவர்களிலும் பெரும்பாலோர் பத்து வயது நிரம்பாத குழந்தைகள். திருமுழுக்குப் பெற்ற அதே ஆலயங்களிலிருந்து அவர்கள் கல்லறைக்குச் சென்றார்கள்.

ஆயர் எடுவார் சார்ல் ஃபாப்ர், அம்மை குத்திக்கொள்ளுமாறு மக்களுக்கு எடுத்துரைக்கும்படி தம் குருக்களைப் பணித்தார். அதிகாரியின் ஆணைக்கு அடைத்துக்கொண்ட கதவுகள், தம் பங்குத்தந்தை சொன்ன சொல்லுக்குச் சிறிதேனும் திறந்தன. ஆனால் அதற்குள் பல வீடுகளில் தொட்டில் வெறுமையாகியிருந்தது.

மாசுபட்ட மருந்தைப் பற்றி மக்களிடம் முதலிலேயே ஒளிவுமறைவின்றிப் பேசி, நல்ல மருந்தோடு அவர்களின் வாசலுக்கே சென்றிருந்தால், பின்னர் கட்டாயத்துக்கு இத்துணைத் தேவை எழுந்திராது. நம்பிக்கை என்பது கொள்ளைநோய் வந்தபின் ஆணையிட்டு வரவழைக்கத்தக்க பொருளன்று. நோயில்லாத நாட்களிலேயே உண்மை பேசிச் சேர்த்துவைக்க வேண்டிய முதல்.

ஆகவே, உங்கள் வீட்டு முதியவரோ அயலவரோ தடுப்பூசிக்கு அஞ்சினால் அவரை எள்ளாதீர்கள். அவர் அச்சத்தின் காரணத்தைப் பொறுமையோடு கேளுங்கள்; பின்னர் அறிந்ததை அன்போடு சொல்லுங்கள்; இயலுமாயின் துணையாக உடன் செல்லுங்கள். பிறரன்புக் கட்டளை மருந்தகத்தின் வரிசையிலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.