பத்துக் காசின் வரலாறு: பொது நூலகமும் படைப்பாளரும்

தோற்றுவாய்

கோவில்பதாகையில் வீடு உடையோர் ஆண்டுதோறும் ஆவடி மாநகராட்சிக்குச் சொத்துவரி செலுத்துகின்றனர். அவ்வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம், நூலக வரி என ஒரு தொகையும் சேர்ந்து போகிறது. வாடகைக்குக் குடியிருப்போர் தாம் தரும் வாடகையின் வழியே அதில் பங்கு கொள்கின்றனர். நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் இச்செய்தியை நான் கூறியபோது, இளங்கவிஞர் ஒருவர் வியப்புடன், "நூலகம் இலவசந்தானே அம்மா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று ஓரிரு சொற்களில் விடை கூறி அமர்ந்துவிட்டேன். பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என நண்பர்கள் பணித்தபோது, அவ்விடையை முழுமையாகச் சொல்லும் வாய்ப்பு இதுவே எனத் தோன்றியது.

இலவசம் என்று நாம் எண்ணும் ஒன்றைப் பெறுவதில் சிறிது கூச்சம் இருக்கும்; அது கிடைக்காதபோது கேட்கும் துணிவும் இராது. உரிமை என அறிந்த ஒன்றின்பால் நம் நடத்தை வேறு. பொது நூலகம் கொடையாக வந்ததா, உரிமையாக வந்ததா என்பதை அதன் வரலாறே சொல்லும்.

ஏடு இருந்தது, வழி இல்லை

தமிழ்நாட்டில் நூல்களைத் தொகுத்துக் காக்கும் மரபு பழமையானது. கோயில்களில் ஏடுகளைக் காத்த இடத்தைச் சரசுவதி பண்டாரம் என வழங்கினர். மடங்களும் புலவர் இல்லங்களும் ஏடுகளைப் போற்றின. தஞ்சை அரண்மனையில் நாயக்கரும் மராட்டியரும் வளர்த்த சரசுவதி மகால், இரண்டாம் சரபோசி மன்னரால் பெருஞ்செல்வமாயிற்று. ஆயினும் அது பொதுமக்களுக்கு உரிய நூலகமாக அமைந்தது 1918இல்தான்.

ஏடுகள் இருந்தும் அவற்றை அடையும் வழி பொதுவாக இல்லாதிருந்ததன் துன்பத்தை உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை காட்டும். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட பின்னரே அவர் கவனம் சீவக சிந்தாமணியின்பால் திரும்பியது. 1887இல் அந்நூல் அச்சேறுமுன் அவர் படிகளைத் தேடி அலைந்த அலைச்சல் நாம் அறிந்ததே. ஓர் ஊரில் ஓர் ஏடு இருக்கிறது என்பதை அறிவதற்கே கடிதமும் பயணமும் நல்லோர் பரிந்துரையும் தேவைப்பட்டன. இன்று நூற்பட்டியல் ஒன்றைப் புரட்டி நாம் சில மணித்துளிகளில் அறிவதை, அவர் வாழ்நாளைச் செலவிட்டு அறிந்தார்.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையில் கன்னிமாரா நூலகம் எழுந்தது. ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு 1890இல் அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. அழகிய மாளிகைதான். ஆனால் ஒரு பெருநகரில் ஒரு மாளிகை இருப்பதனால் ஆவடியை அடுத்த ஏரிக்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்தோர்க்கு என்ன பயன்? அம்மாளிகையிலிருந்து நம் தெருமுனைக்கு நூல் வந்து சேர, இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு ஒரு கணக்காசிரியர் தேவைப்பட்டார்.

கணக்காசிரியர் காட்டிய வழி

சீகாழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. பேச்சுத்துணையற்ற தனிமை தாங்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டனுக்குச் சென்று பயின்று வந்த பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்று அவருக்குக் கூறப்பட்டது. இலண்டன் சென்றார், மனம் மாறியது.

அங்கே அவரை ஈர்த்தவை பெரிய கட்டடங்கள் அல்ல. தொழிலாளரும் குழந்தைகளும் இல்லத்தரசியரும் தத்தம் வட்டார நூலகத்திற்குள் தம் வீட்டிற்குள் நுழைவதுபோல் நுழைந்து நூல் எடுத்துச் செல்வதைக் கண்டார். இங்கிலாந்தில் 1850இல் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டம், ஊராட்சி அமைப்புகள் நூலகத்திற்கென வரி பெற வழிசெய்திருந்தது. வரி கொடுப்பவருக்கு வாசல் திறந்திருந்தது.

நாடு திரும்பிய அரங்கநாதன் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமானார். 1931இல் அச்சங்கத்தின் வெளியீடாக அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. நூலின் பயன் படிக்கப்படுவதில் உள்ளது என்பதே அவற்றின் அடித்தளம். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரியவரைச் சென்றடைய வேண்டும். படிப்பவர் காலம் வீணாதல் ஆகாது. நூலகம் உயிருள்ள உடல்போல் வளர வேண்டும் என்பன பிற. இவற்றுள் நூல் ஒவ்வொன்றும் தனக்குரியவரைச் சென்றடைய வேண்டும் என்பதைக் கவிஞர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நன்று. முந்நூறு படி அச்சிட்டு, இருநூறு படியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் நம்மனோர்க்கு இதைவிட ஆறுதலான விதி வேறில்லை.

அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் ச.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். வண்டி ஊர் ஊராகச் சென்றது. உழவர் தம் ஊரிலேயே நூல் பெற்றனர். வாசகர் வர இயலாத இடத்திற்கு நூல் செல்ல வேண்டும் என்னும் கருத்து, தமிழ்நாட்டு மண்சாலையில் சக்கரம் கட்டி ஓடியது.

சட்டம் வந்தது

தனிமனிதர் ஆர்வத்தால் ஒரு வண்டி ஓடலாம். ஒரு நாடு முழுவதும் நூலகம் பரவ நிலையான பொருள்வழி வேண்டும். இதனை உணர்ந்த அரங்கநாதன் 1930இல் காசியில் நடந்த அனைத்தாசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை வரைந்து முன்வைத்தார். அது சட்டமாகச் சென்னை மாகாணத்தில் நிறைவேற நெடுங்காலம் ஆயிற்று. தி.சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நம்முடையது என்பது பெருமைக்குரியது. 1950 ஏப்ரல் முதல் நாள் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன; அவற்றின்கீழ்க் கிளை நூலகங்கள் தோன்றின.

இச்சட்டத்தின் உயிர்நிலை அதன் வரிப்பிரிவில் உள்ளது. அரசு விரும்பினால் தரும் மானியத்தை மட்டும் நம்பியிராமல், வீட்டுவரியோடு சேர்த்துப் பெறும் நூலக வரியைச் சட்டம் உறுதிசெய்தது. தொடக்கத்தில் குறைவாக இருந்த அவ்வரி பின்னர் ரூபாய்க்குப் பத்துக் காசாக உயர்ந்தது. ஆயிரம் ரூபாய் சொத்துவரிக்கு நூறு ரூபாய். ஆண்டிற்கு ஒரு கவிதைத் தொகுதியின் விலை என்று கொள்ளலாம். அந்த ஒரு தொகுதியின் விலைக்கு ஆயிரக்கணக்கான நூல்கள் நமக்குத் திறந்திருக்கின்றன.

1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் வே. தில்லைநாயகம் இந்திய நூலக இயக்கத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதியவர். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் ஊராட்சிதோறும் நூலகங்கள் எழுந்தன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பெற்றன.

எரிந்த நூலகம் சொல்வது

உடைமை என்பதன் பொருள் இழப்பின்போதுதான் முழுமையாக விளங்கும். கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் 1933இல் க.மு. செல்லப்பா தம் இல்லத்தில் ஒரு சிறு நூலகம் தொடங்கினார். அவ்விதையே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் வளர்ச்சிக்கு அரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் கட்டட வடிவம் தந்தார். 1959இல் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. 1981 மே இறுதியில் மூண்ட வன்முறையின்போது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அக்கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பெற்றது. ஆயினும் ஒரே படியாக இருந்த ஏடு எரிந்தால், அதற்கு மறுபதிப்பு இல்லை. ஈழத்தமிழர் பிற்காலத்தில் நூலகம் என்னும் பெயரிலேயே மின்னூலகம் ஒன்றை உருவாக்கி, கிடைத்தவற்றையெல்லாம் படியெடுத்து வருவதன் பின்னணியில் அந்நெருப்பின் நினைவு உள்ளது.

அங்கே நெருப்பு செய்ததை இங்கே நம் பாராமுகம் மெல்லச் செய்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

நமக்கு உரியவை

நம் வட்டாரக் கிளை நூலகத்தில் நாளிதழ்களையும் வார, மாத இதழ்களையும் அமர்ந்து படிக்க எவரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினரானால் நூல்களை இல்லத்திற்கு எடுத்துச் செல்லலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவிற்கொள்க. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும் பணியாளர்க்கு இது பெரும் வசதி.

கன்னிமாராவின் பெருமை வேறு. 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் பெற உரிமையுடைய நான்கு நூலகங்களுள் அது ஒன்று. மறைமலையடிகள் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்களைக் கொண்டு 1958இல் இலிங்கிச் செட்டித் தெருவில் தொடங்கப்பெற்ற மறைமலையடிகள் நூலகமும் பின்னர்க் கன்னிமாரா வளாகத்திற்கே வந்து சேர்ந்தது. ஒரே பேருந்துப் பயணத்தில் இரு கருவூலங்கள். சுவடி காண விழைவோர்க்குப் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் உண்டு.

இல்லத்தை விட்டு வெளியேற இயலாதோர்க்கும் வழி உண்டு. 1998இல் தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்பட எண்ணற்ற நூல்களைக் கட்டணமின்றித் தருகின்றன.

இவற்றைப் பயன்கொள்ளும் திறன் ஒன்றே ஒன்று: கேட்டல். தேடுவது இன்னது என்று நூலகரிடம் தெளிவாகக் கூறுதல் வேண்டும். பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடுவோர், 1867 முதல் அரசுப் பதிவில் இடம்பெற்ற நூல்களைத் தொகுத்துக் கூறும் 'தமிழ் நூல் விவர அட்டவணை'யை முதலில் பார்த்தல் நலம்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் படித்த நாளில் எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூற வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய பெருந்தொகுப்பு, அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் உதவியால் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இப்போது தரமணியில் உள்ள அது, அந்நாளில் நமக்கு அண்மையிலுள்ள முகப்பேரில் இருந்தது. ஆவடியிலிருந்து பேருந்தேறிச் சென்று, பழைய மகளிர் இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் மட்டும் இட்டுப் பெண்கள் சிலர் பாடல்கள் எழுதியிருந்தனர். அவர்கள் தனி நூல் வெளியிட்டதாக நான் பார்த்த எந்தப் பட்டியலும் கூறவில்லை. யாரோ ஒருவர் இதழை எறியாமல் வைத்திருந்தார். யாரோ ஒருவர் அதைத் திரட்டினார். ஒரு நூலகம் அதைக் காத்தது. அப்பெண்கள் தமிழ்க் கவிதை வரலாற்றில் எஞ்சியிருப்பது அந்த மூன்று செயல்களால்தான்.

நிறைவாக

சென்ற ஆண்டு ஒரு கிளை நூலகத்தில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதியைக் கண்டேன். நூலின் இறுதியில், எடுத்துச் சென்ற நாளை முத்திரையிடும் தாளில் ஒரே ஒரு முத்திரை இருந்தது. அது என்னுடையதன்று. நண்பர் அன்பளிப்பாகத் தந்த படி என் வீட்டில் இருந்ததால், நூலகப் படியை நான் தேடியதே இல்லை. உள்ளே ஒரு கவிதையின் ஓரத்தில் யாரோ மெல்லிய பென்சில் கோடு இட்டிருந்தார். நூலைக் கறைப்படுத்தலாகாது என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியைதான் நான். எனினும் அக்கோட்டைக் கண்டு மகிழ்ந்தேன். வெளியீட்டு விழாவுக்கு வராத, நண்பருக்கு முகம் தெரியாத ஒருவரை அந்நூல் சென்றடைந்திருந்தது.

படைப்பாளராகிய நாம் நூலகத்தைப் பெரும்பாலும் நூல் வாங்கும் நிறுவனமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நூலக ஆணை வந்ததா என்று கேட்கும் நாம், நூலகத்திற்குள் சென்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வதில்லை. வாசகர் இல்லா நூலகத்திற்கு நூல் வாங்க எந்த அரசும் நெடுநாள் முன்வராது.

இக்கட்டுரைக்காக நம் வட்டத்தின் முதலாண்டுத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் தேடினேன். முழுத்தொகுப்பு உறுப்பினர் எவரிடமும் இல்லை; என்னிடமும் இல்லை. பத்தே ஆண்டுகளில் நம் வரலாறு நம் கையைவிட்டு நழுவியிருக்கிறது.

ஆதலின் உறுப்பினர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நாம் ஒவ்வொருவரும் நம் வட்டாரக் கிளை நூலகத்தில் உறுப்பினராவோம். மாதம் ஒரு கவிதை நூலையேனும் அங்கிருந்து எடுத்துப் படிப்போம். நாம் வெளியிடும் நூல்களையும் இம்மலரையும் சட்டப்படி கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கு அனுப்புவதோடு, நம் வட்டார நூலகத்திற்கும் ஒரு படி அளிப்போம்.

நூறாண்டு கழித்து, ஒரு மாணவி பேருந்தேறிச் சென்று நம் பெயர்களைத் தேடக்கூடும். அவள் தேடும் பக்கம் அங்கே இருக்க வேண்டும். அதற்கான பத்துக் காசை நாம் முன்னரே கொடுத்துவிட்டோம்.