விடை வந்த பின் என்ன?

கணக்குக்கு விடை வந்துவிட்டது. நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். விடை சரியாகவே இருக்கிறது. அடியில் ஒரு கோடு இட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறீர்கள். பருவம் முடிந்ததும் குறிப்பேட்டைப் பரணில் எறிந்துவிடுகிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் கணிதம் பயின்ற முறை இதுதான்.

ஆனால், விடை வந்த பிறகுதான் ஒரு கணக்கின் மிகப் பயனுள்ள பகுதி தொடங்குகிறது என்று சொன்னவர்களும் உண்டு. கணக்கைக் கையால் அளந்தும் வெட்டியும் செய்ய வேண்டும், செய்து முடித்தபின் திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்ற இந்த இரு கருத்துகளும் பள்ளிக்கு வந்த வரலாறு சுவையானது. பூமியின் வயதும் அதில் இடம் பெறுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

யூக்ளிடின் ஆட்சி

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வடிவகணிதம் என்றாலே யூக்ளிடுதான். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் அவர் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பே பள்ளிகளில் பாடநூலாக இருந்தது. தேற்றங்களை அந்நூலின் வரிசையிலேயே கற்க வேண்டும். தேர்விலும் அவ்வாறே எழுத வேண்டும். ஒரு மாணவன் தானே சிந்தித்து வேறொரு வழியில் நிறுவினால், அவன் மதிப்பெண் இழக்க நேரலாம். ஆகவே பலர் நிறுவல்களைச் செய்யுள் போல மனப்பாடம் செய்தனர். முக்கோணத்தின் பரப்பு பற்றிய தேற்றத்தைப் பிழையின்றி ஒப்பிப்பவனுக்கு, ஒரு முக்கோண நிலத்தை அளக்கத் தெரியாமலிருக்கும்!

இதனை எதிர்த்து உரத்துக் குரல் கொடுத்தவர் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர். 1850இல் வட அயர்லாந்தில் பிறந்த இவர், சில ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தார். 1874இல் கிளாஸ்கோ நகரில், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சனிடம் உதவியாளராக இருந்தார். 1875 முதல் 1879 வரை ஜப்பானில் டோக்கியோ நகரின் பொறியியல் கல்லூரியில் பணிபுரிந்தார். பின்னர் லண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார்.

கட்டத்தாளும் தராசும்

பெர்ரியின் வகுப்பில் கணிதம் கரும்பலகையோடு நிற்கவில்லை. ஒழுங்கற்ற ஓர் உருவத்தின் பரப்பை எப்படிக் காண்பது? அதை அட்டையில் வெட்டி எடுங்கள்; அதே அட்டையில் 1 சதுர அங்குலத் துண்டு ஒன்றையும் வெட்டுங்கள்; இரண்டையும் தராசில் நிறுத்து எடைகளின் விகிதத்தைக் காணுங்கள். பரப்பு கிடைத்துவிடும். ஒரு பொறி எவ்வளவு சுமையைத் தூக்க எவ்வளவு விசை தேவை? அளவுகளை எடுங்கள், கட்டத்தாளில் புள்ளிகளாகக் குறியுங்கள், புள்ளிகள் ஒரு கோட்டில் அமைந்தால் சமன்பாடு தானே வெளிப்படும். இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் வரைபடக் கட்டத்தாள் வகுப்பறைக்குள் வந்ததில் பெர்ரிக்குப் பெரும் பங்கு உண்டு.

மடக்கை, நுண்கணிதம் ஆகியவற்றையும் அவர் தொழிலாளர்களுக்குக் கற்பித்தார். அவர்களுக்கு அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளின் சுருக்கம் 'நடைமுறைக் கணிதம்' என்ற பெயரில் 1899இல் வெளிவந்தது. 1901இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் மாநாட்டில், பள்ளிக் கணிதத்தை அடியோடு மாற்ற வேண்டும் என்று வாதிட்டார். கணிதத்தைப் பயன்படுத்திப் பழகிய பின்னர்தான் அதன் நுட்பமான தருக்கம் மாணவனுக்குச் சுவைக்கும் என்பது அவர் கட்சி. எதிர்ப்பும் எழுந்தது, ஆதரவும் திரண்டது. 1902இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர் ஈ. எச். மூர், பெர்ரியின் வழியைப் போற்றி, கணிதத்துக்கும் ஆய்வுக்கூட முறை வேண்டும் என்றார். 1903இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், யூக்ளிடின் வரிசையில்தான் நிறுவ வேண்டும் என்ற கட்டாயத்தைத் தேர்விலிருந்து நீக்கியது.

ஆசானின் கணக்கு

கையால் செய்வது ஒரு பாதி. திரும்பிப் பார்ப்பது மறுபாதி. இந்த மறுபாதியின் வலிமையைக் காட்டும் நிகழ்ச்சியும் பெர்ரியின் வாழ்விலேயே உண்டு.

கெல்வின் 1862இல் பூமியின் வயதைக் கணக்கிட்டார். சுரங்கத்தில் கீழே செல்லச் செல்ல வெப்பநிலை உயர்கிறது. உருகிய நிலையிலிருந்து திண்மமாகி, மேற்பரப்பிலிருந்து மெல்லக் குளிர்ந்து வரும் ஓர் உருண்டையாகப் பூமியைக் கொண்டால், ஆழத்தோடு வெப்பநிலை உயரும் வீதத்திலிருந்து அது எவ்வளவு காலமாகக் குளிர்ந்து வருகிறது என்று காணலாம். அவருக்குக் கிடைத்த விடை: 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடையில். உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறி வளர்ந்தன என்ற டார்வினின் கொள்கைக்கு இக்காலம் போதவில்லை. 1894இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைமையுரையில் சால்ஸ்பரி பிரபு, கெல்வினின் கணக்கைக் காட்டியே பரிணாமக் கொள்கையை ஐயுற்றார்.

பெர்ரி அந்தக் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தார். கணித வழியில் குறையில்லை. அப்படியானால் குறை எங்கே இருக்க முடியும்? கணக்கைத் தொடங்கும்போது வைத்துக்கொண்ட கருத்தில்தான்! பூமியின் உட்பகுதியும் மேலோடும் வெப்பத்தை ஒரே அளவில்தான் கடத்துகின்றன என்று கெல்வின் கொண்டிருந்தார். உட்பகுதி வெப்பத்தை இன்னும் விரைவாக மேலே கொண்டுவருமானால் என்ன ஆகும்?

இதை அடுப்படியில் காணலாம். சூடான கேழ்வரகுக் களியைத் தட்டில் வையுங்கள். மேற்பகுதி விரைவில் ஆறிவிடும்; உள்ளே இருக்கும் சூடு எளிதில் மேலே வராது. காய்ச்சிய பாலிலோ மேலே ஆடை படிந்தாலும், அடியில் பால் சுழன்று சுழன்று பாத்திரம் முழுவதிலுமுள்ள சூட்டை ஆடைக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆடையை மட்டும் தொட்டுப் பார்ப்பவர், பால் இப்போதுதான் இறக்கப்பட்டது என்று எண்ணுவார். கெல்வின் பூமியைக் களியாகக் கொண்டார்; பெர்ரி அதைப் பாலாகவும் எண்ணிப் பார்க்கலாம் என்றார். அப்படிக் கணக்கிட்டால் பூமியின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் போகக்கூடும். இதனை அவர் 1895இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தம் ஆசானை மறுப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தது, எனினும் மறுத்தார்.

அன்று அவர் சொல் அதிகம் எடுபடவில்லை. பின்னர் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதும், அது தரும் வெப்பத்தைக் கெல்வின் சேர்க்காததே பிழைக்குக் காரணம் எனப் பல நூல்கள் எழுதின. ஆனால் அவ்வெப்பத்தைச் சேர்த்தாலும் கெல்வினின் விடை பெரிதாக மாறாது. பெர்ரி சுட்டிய இடமே முதன்மையானது. பூமியின் திண்மமான உட்பகுதியும் நெடுங்காலத்தில் மெல்ல நகர்ந்து சுழல்கிறது என்பதை இன்று அறிவோம். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்.

கணக்கின் படிகளைச் சரிபார்ப்பது வேறு. தொடக்கத்தில் எதை நம்பினோம் என்று பார்ப்பது வேறு. இரண்டாவது வழக்கம் இல்லாவிட்டால், பிழையில்லாத கணக்கும் தவறான விடையைத் தரும்.

ஹங்கேரியின் மாத இதழ்

சால்ஸ்பரி உரையாற்றிய அதே 1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹங்கேரி நாட்டின் ஜ்யோர் நகரில் தானியேல் அரான் என்ற பள்ளி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி மாணவருக்காக ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். இதழில் கணக்குகள் வரும். மாணவர் வீட்டில் அமர்ந்து சிந்தித்து விடையை வழியோடு எழுதி அனுப்புவர். சிறந்த வழிகள் அனுப்பியவர் பெயரோடு அச்சாகும். தன் வழியையும், தன்னைப் போன்ற இன்னொரு மாணவனின் அழகான வழியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதை விடச் சிறந்த படிப்பினை உண்டோ? அடுத்து அவ்விதழை நடத்திய லாஸ்லோ ராட்ஸ் என்ற ஆசிரியரிடம் புடாபெஸ்ட் பள்ளியில் பயின்றவர்களுள், கணித மேதை ஜான் வான் நாய்மனும், 1963இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னரும் அடங்குவர். உலகப் போர்களால் இடையே நின்றபோதிலும் அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது.

அதே புடாபெஸ்டில் 1887இல் பிறந்தவர் ஜார்ஜ் போல்யா. ஜூரிச் நகரில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து, 1940இல் அமெரிக்கா சென்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றியே 1945இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கூறும் படிகள் நான்கு. ஒன்று, கணக்கைப் புரிந்துகொள்ளுதல்; இரண்டு, திட்டம் வகுத்தல்; மூன்று, நிறைவேற்றுதல்; நான்கு, திரும்பிப் பார்த்தல். விடையைச் சரிபார்க்க முடியுமா? வேறு வழியில் பெற முடியுமா? இந்த விடையோ வழியோ இன்னொரு கணக்குக்கு உதவுமா? இவை நான்காம் படியின் கேள்விகள். நல்ல மாணவர்கள்கூட இப்படியைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதே போல்யாவின் கவலை. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதைக் காண்கிறேன். தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து விடையை எழுதியதும் பதிவேடு மூடப்படுகிறது. உண்மையில் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

18 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே அளவான சிறு சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். எவ்வளவு வெட்டினால் பெட்டி மிக அதிகமான மணலைக் கொள்ளும்?

1 செ.மீ. வெட்டினால் கொள்ளளவு 16 × 16 × 1 = 256 கன செ.மீ. 2 செ.மீ. வெட்டினால் 392, 3 செ.மீ. என்றால் 432; 4 செ.மீ. என்றால் 400; 5 செ.மீ. என்றால் 320. இவற்றைக் கட்டத்தாளில் குறித்தால் வளைகோடு 3க்கு அருகில் உச்சி பெறுகிறது. பெர்ரி மகிழ்வார்.

இப்போது திரும்பிப் பாருங்கள். விடை சரியாக 3 தானா? 3.1 ஆக இருக்கக் கூடாதா? 3.1 செ.மீ. வெட்டினால் கொள்ளளவு ஏறத்தாழ 431.6. இந்த வேறுபாட்டை மணல் காட்டாது! கை இங்கே நின்றுவிடுகிறது. இனி அறிவு தொடர வேண்டும்.

வெட்டும் அளவை x என்போம். பெட்டியின் அடிப்பக்கம் 18 − 2x. கொள்ளளவின் நான்கு மடங்கு 4x, 18 − 2x, 18 − 2x ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை. இம்மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 36. கூட்டுத்தொகை மாறாத மூன்று மிகை எண்கள் சமமாக இருக்கும்போதே அவற்றின் பெருக்குத்தொகை மிகப் பெரிதாகும். எனவே 4x = 18 − 2x; x = 3. சந்தேகம் தீர்ந்தது, நுண்கணிதமும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒருமுறை பாருங்கள். பெட்டியின் அடிப்பரப்பு 12 × 12 = 144. நான்கு சுவர்களின் பரப்பு 4 × 12 × 3 = 144. இரண்டும் சமம்! இது தற்செயலா? இல்லை. 4x அடிப்பக்கத்துக்குச் சமம் என்ற நம் சமன்பாட்டை அடிப்பக்கத்தால் பெருக்கினால், சுவர்ப்பரப்பு அடிப்பரப்புக்குச் சமம் என்றே ஆகிறது. அட்டை எந்தச் சதுரமானாலும் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்ட வேண்டும் என்பதும் தெளிவாகிறது. விடையோடு நிறுத்தியிருந்தால் இவை நம் கண்ணில் பட்டிருக்குமா?

பருவம் முடியும்போது

ஒவ்வொரு கணக்கையும் இவ்வாறு ஆராய நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். பருவத்தின் இறுதியில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். குறிப்பேட்டைப் புரட்டி மூன்று கணக்குகளைத் தேர்ந்தெடுங்கள்: உங்களை மிகவும் வருத்திய ஒன்று, மிகவும் மகிழ்வித்த ஒன்று, விடை சரியாக வந்தும் ஏன் வந்தது என்று விளங்காத ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்: தொடக்கத்தில் எதை நம்பினேன்? எங்கே தடுக்கியது? எது வழி காட்டியது? வேறு எங்கே இது பயன்படும்? மதிப்பெண்ணுக்காக அல்ல, அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் தடுக்காமலிருப்பதற்காக. ஆசிரியப் பெருமக்கள் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென அளித்தால், பாடப்பகுதி ஒன்றும் குறைந்துவிடாது.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு தருகிறேன். 16 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள நீள்சதுர அட்டையில் இதே பெட்டியைச் செய்யுங்கள். எவ்வளவு வெட்டினால் கொள்ளளவு மிகும்? அப்போது அடிப்பரப்பும் சுவர்ப்பரப்பும் சமமாகின்றனவா? இம்முறை மூன்று எண்களைச் சமமாக்கும் உபாயம் நேராகப் பலிக்காது. கத்தரிக்கோலை எடுங்கள்; கட்டத்தாளை விரியுங்கள். விடை கிடைத்ததும் குறிப்பேட்டை மட்டும் மூடிவிடாதீர்கள்!