சித்தப்பாவின் செக்கெண்ணெய்

எங்க சித்தப்பாவுக்கு ரொம்ப நாளா படபடப்பு. காரணமே இல்லாம நெஞ்சு அடிச்சுக்கும், ராத்திரி தூக்கம் வராது. "எல்லாம் பாக்கெட் எண்ணெயால வர்றது"ன்னு யாரோ சொல்ல, சன்பிளவரைத் தூக்கிப் போட்டுட்டு செக்கு நல்லெண்ணெய்க்கு மாறிட்டார். அதோட விட்டிருந்தா பரவாயில்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திட்டார்! அதான் இந்தப் பதிவு.

எள் + நெய் = எண்ணெய். ஆதியில நமக்கு எண்ணெய்னாலே எள்ளுதான். நிலக்கடலை தென் அமெரிக்காச் சரக்கு. எங்க காரைக்கால் 1739ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில, அவங்களோட பாண்டிச்சேரித் துறைமுகத்திலேருந்து கப்பல் கப்பலா கடலை மார்சேய் நகரத்துக்குப் போனது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். விளைஞ்சதென்னவோ பெரும்பாலும் வெள்ளைக்காரன் ஆண்ட தென்னாற்காட்டுல! சூரியகாந்தி நம்ம அடுப்பங்கரைக்கு வந்தது ரொம்பப் பிந்தி.

அதே பிரான்சுல, 1989ல ழான் மரி பூர் குழுவினர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. எலிகள்ல ஒரு கூட்டத்துக்கு சூரியகாந்தி எண்ணெய், இன்னொண்ணுக்கு சோயா எண்ணெய். சூரியகாந்தி எலிகளுக்கு மூளையில டி.ஹெச்.ஏ.ங்கற ஒமேகா-3 கொழுப்பு குறைஞ்சது, பாடம் கத்துக்கறதுலயும் பின்தங்கிச்சு. காரணம், சோயாவுல ஒமேகா-3 உண்டு, சூரியகாந்தியில கிட்டத்தட்ட கிடையாது.

இங்கதான் சித்தப்பா கோட்டை விட்டார். நல்லெண்ணெய்லயும் அது சொற்பம், கடலெண்ணெய்லயும் அப்படித்தான். செக்குல ஆட்டினா வந்துடாது. அப்போ நம்ம தாத்தா பாட்டிக்கு எங்கேருந்து கிடைச்சது? மீன்லேருந்து! மத்தியில டி.ஹெச்.ஏ. நேரடியாவே இருக்கு.

சரி, மனுஷனுக்கு? 2018ல 19 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவங்க, ஒமேகா-3 பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்குதுன்னாங்க. 2021ல வந்த வேறொரு தொகுப்பு, பெரிசா பலன் இல்லைன்னுடுச்சு. விதை எண்ணெய்தான் படபடப்பைக் கொண்டுவருதுன்னு மனுஷங்ககிட்ட இன்னும் யாரும் நிரூபிக்கல.

சித்தப்பாகிட்ட இவ்வளவும் சொன்னேன். "நல்லெண்ணெயே ஊத்துங்க, ருசியாத்தான் இருக்கு. வாரம் ரெண்டு நாள் மீனும் சாப்பிடுங்க. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க"ன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நாளைக்குக் கூட வர்றியா?"ன்னார்.

போறோம். திரும்பி வர்ற வழியில மத்தியும் வாங்கணும் :)